பூட்டிய அறையில் கர்லாக்கட்டை

வெளியே பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், உள்ளேயிருந்து கதவைத் தட்டிப் பார்த்தது. இரண்டாவது காரியம், தட்டியதற்காக ராவுத்தரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

"ஏலே சுருளி, வெளிய பூட்டின கதவ உள்ள இருந்து தட்டுறியே, இது என்ன உன் மாமியா வீடா?"

"மாமியா வீட்டுலயும் தொறக்கமாட்டாக ராவுத்தரே. பழக்கதோஷம், கை தானாப் போயிருச்சு."

என் பேர் சுருளியாண்டி. போன வருஷம் வரைக்கும் நாடகக் கம்பெனியில் பபூன். கம்பெனி ஆண்டிபட்டியில் படுத்துவிட்டதும் உத்தமபாளையம் கமால் ராவுத்தரிடம் வந்து ஒட்டிக்கொண்டேன். அவர் போலீஸில் ஏட்டாக இருந்தவர். மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு உத்தியோகத்தை உதறிவிட்டு, துப்பறிகிறேன் என்று வாசலில் போர்டு மாட்டிவிட்டார். தலையில் துருக்கித் தொப்பி, வாயில் வெற்றிலை, கையில் குடை. ஆள் பார்க்கச் சாதுவாகத்தான் இருப்பார். நம்பிவிடக் கூடாது.

ஈட்டிமலை எஸ்டேட்டுக்கு நாங்கள் வந்ததே பெரிய துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டதால்தான். எஸ்டேட் ஏலக்காய் மூட்டை மூட்டையாகக் காணாமல் போகிறது, கண்டுபிடிக்க வேண்டும் என்றார். நேற்றுச் சாயங்காலம் மலையேறி வந்து அவரைப் பார்த்தோம். "யார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. காலையிலே கோல்ஃப் ஆடிட்டு வந்து பேர் சொல்றேன்" என்றார். அந்த மனுஷன் அப்போதே பேரைச் சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கதியே வந்திருக்காது.

காலையில் கோல்ஃப் மேட்டில் பெரிய துரை மண்டை உடைந்து, நினைவில்லாமல் கிடந்தார். பக்கத்தில், ரத்தம் பட்ட மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்குப் பை தூக்குகிற பேச்சிமுத்து நின்றிருந்தான். "அவன்தான் அடிச்சான், என் கண்ணாலே பாத்தேன்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தவர் சின்ன துரை. எஸ்டேட்டில் பெரிய துரைக்கு அடுத்த அதிகாரம் அவருடையது. போலீஸுக்குச் சொல்லியனுப்பலாம் என்றால், ராத்திரி பெய்த மழையில் சின்னமனூர் போகிற மலைப்பாதை சரிந்து கிடக்கிறது. அந்தப் பக்கமிருந்து மண்ணை வெட்டிக்கொண்டிருக்கிறார்களாம். பாதை திறந்ததும் போலீஸ் லாரி வரும்.

அதுவரைக்கும் பேச்சிமுத்துவைத் துரைமார் கிளப்பில் கோல்ஃப் பைகள் வைக்கிற அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார் சின்ன துரை. "நாங்க கொஞ்சம் விசாரிக்கலாமா?" என்று ராவுத்தர் பணிவாகத்தான் கேட்டார். "நீங்க வந்த மறுநாளே இது நடந்திருக்கு. நீங்களும் உள்ளே போங்க" என்றார் அவர். எஸ்டேட் காவல்காரர்கள் எங்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். துப்பறிய வந்தவனைக் கைதியாக்கின ஒரே மலை இதுவாகத்தான் இருக்கும்.

அறைக்கு ஒரே ஜன்னல். அதிலும் இரும்புக் கம்பி. மூச்சு முட்டுகிற ஈர வாடை. மூலையில் பேச்சிமுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே தூறலில் அவன் பெண்டாட்டி இருளம்மாள், மழைக்குத் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியோடு நின்றுகொண்டிருந்தாள். நிறைமாசம். காவல்காரர்கள் விரட்டியும் அவள் நகரவில்லை.

"பெரிய தொரை செத்துட்டாக்க என்னையத் தூக்குல போட்ருவாகளாய்யா?" என்றான் பேச்சிமுத்து.

ராவுத்தர் பொய் சொல்லவில்லை. "போட்ருவாகப்பா. அவுக ஆளுக்கு ஒண்ணுன்னா கேள்வியே கிடையாது. அதான் நடந்ததச் சொல்லு."

"நான் பையத் தூக்கிட்டுப் பின்னாடிதான் போனேன். தொரை ஒரு மட்டைய மட்டும் கம்பு மாதிரி ஊணிக்கிட்டு முன்னாடி போயிட்டாக. போய்ப் பாத்தா விழுந்து கெடக்காக. பக்கத்துல மட்டை. பதட்டத்துல எடுத்துட்டேன். சின்ன தொரை கத்துனாக. அம்புட்டுதான்."

"நீ ஏன் பின்னாடி போன? கூடவேதானப்பா போகணும்?"

பேச்சிமுத்து வாயை மூடிக்கொண்டான். உயிர் போகிற நேரத்தில் ஒருத்தன் வாயை மூடினால் எனக்குக் கோபம் வரும். வந்தது.

"ஏப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? சொல்லித் தொலையேன்!"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் எரிச்சலில் தள்ளிப் போய், அடுக்கியிருந்த பைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சாக்கு மூட்டையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தேன். உள்ளே உருண்டையாக என்னவோ இடித்தது, இடிக்கக் கூடாத இடத்தில்.

"ராவுத்தரே! வெள்ளைக்காரன் அறையில உலக்கை இருக்கு!"

ராவுத்தர் சாக்கை உருவினார். உலக்கை இல்லை. இரண்டு கர்லாக்கட்டைகள். பயில்வான்கள் தோளுக்கு மேலே தூக்கித் தலையைச் சுற்றி வீசுவார்களே, அதே கட்டை. கைப்பிடி எண்ணெயில் பளபளத்தது. ராவுத்தர் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்லெண்ணெய். இன்னைக்குக் காலையில தடவினது." அவர் முகத்தில் வெற்றிலைச் சிவப்பையும் தாண்டி ஒரு சிரிப்பு. "சின்ன வயசுல நானும் வித்தை சொல்லிக்குடுக்குற வஸ்தாதுகிட்ட இத வீசினவன்தாம்லே."

"பாத்தா தெரியலையே ராவுத்தரே."

"வாய மூடிட்டுக் கீழ பாரு."

சிமெண்டுத் தரையில் எண்ணெய் பட்ட வெறுங்கால் தடம், சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. ராவுத்தர் பேச்சிமுத்துவின் காலை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"என் காலு ரொம்ப அழுக்கு ராவுத்தரே, சாட்சிக்கு ஆகாது."

"வைலே."

வைத்தேன். என் விரல்களும் பேச்சிமுத்து விரல்களும் விரித்த கைவிரல் மாதிரி அகன்று கிடந்தன. தரையிலிருந்த தடத்தில் விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, கட்டைவிரல் மற்ற விரல்கள் மேல் சாய்ந்திருந்தது.

"பொறந்ததுல இருந்து பூட்ஸுக்குள்ள வளந்த காலு" என்றார் ராவுத்தர். "இந்த அறையில வெறுங்காலோட நின்னு கர்லா வீசினது ஒரு வெள்ளைக்காரன். அதோ மேல பாரு."

உத்தரத்தில் ஒரு ஆணி. எனக்கு எட்டாத உயரம். அதில் ஒரு லங்கோடு தொங்கியது. ராவுத்தர் குடையால் அதை இறக்கினார். வேர்வை ஈரம் இன்னும் காயவில்லை. எனக்குத் தொடவே கூச்சமாக இருந்தது. அவர் என்னவோ பட்டுப்புடவை வாங்கப் போனவர் மாதிரி அதன் ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"பெரிய துரை லங்கோடு கட்டிக்கிட்டு கர்லா வீசியிருக்காரு. அதான் நீ பின்னாடி போயிருக்க. சரியா பேச்சி?"

பேச்சிமுத்து ஓவென்று அழுதான். அப்புறம் எல்லாம் வந்தது. பெரிய துரைக்குத் தோள் இறுகிப் போய் மட்டையே தூக்க முடியவில்லை. டாக்டர்கள் கைவிட்டபின் கம்பம் ஊரில் ஒரு வஸ்தாது கர்லாக்கட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினார். தோள் சரியாகிவிட்டது. அதிலிருந்து கோல்ஃப் ஆடுகிற நாளெல்லாம், ஆடப் போகிறதுக்கு முன்னால் துரை இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்துவார். பேச்சிமுத்து எண்ணெய் தேய்த்துவிடுவான். உடம்பு நன்றாகச் சூடேறுகிற வரைக்கும் வீசிவிட்டு, துடைத்துக்கொண்டு, சட்டை மாட்டி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மேட்டுக்கு நடப்பார். பேச்சிமுத்து கட்டையை மறைத்து வைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போவான்.

"இதச் சொல்றதுக்கு என்னப்பா?" என்றேன்.

"மத்த தொரைமாருக்குத் தெரிஞ்சா சிரிப்பாகளாம். கோவணங் கட்டிக்கிட்டுக் கம்பத்து ஆளு மாதிரி கட்டை வீசுறாருன்னு கிளப்பே கைகொட்டுமாம். வெளிய ஒரு வார்த்தை போனா அன்னைக்கே எஸ்டேட்டு குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுக் கீழ எறங்கணும்னு சொல்லியிருக்காக. இவ இந்த வயித்தோட எங்கய்யா போவா? கீழ எங்களுக்குக் குடிசை கூடக் கெடையாது."

"அடப்பாவி! தூக்குல தொங்குறவனுக்கு லயம் எதுக்குப்பா?"

"எனக்கு எதுக்கு? அவளுக்கு வேணும்ல."

ராவுத்தர் அவன் தோளில் கை வைத்தார். "இந்த விசயம் உன் வாயில இருந்து வராது. என் வாயில இருந்தும் வராது. அல்லா மேல ஆணை. போதுமா?"

எனக்குப் போதவில்லை. கையில் கிடைத்த ஒரே துருப்புச்சீட்டையும் வெளியே காட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் தலை தெரிந்தது. கிளப் பட்லர் வீரணன், காவல்காரர்களுக்குத் தெரியாமல் டீ கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷன். இருளம்மாளுக்கும் ஒரு குவளை கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

"பெரிய துரைக்கு எப்படி இருக்கு?" என்றார் ராவுத்தர்.

"உசுரு இருக்குங்க. இப்பத்தான் உதடு லேசா அசைஞ்சிச்சு. முழிச்சிருவாகன்னு நினைக்கேன். சின்ன துரைதான் பக்கத்துலயே இருக்காக. பெரிய துரை சம்சாரம் துரைசாணியம்மா அழுது அழுது ஓஞ்சு போயிட்டாக, போய்ப் படுங்கன்னு அனுப்பிட்டாக. என்னையும் உள்ள விட மாட்டேங்காக."

ராவுத்தர் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. "தனியாவா இருக்கான்?"

"ஆமாங்க."

ராவுத்தர் என் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். "திருடன் பேரைச் சொல்றேன்னு பெரிய துரை சொன்னாரு. விடிஞ்சதும் மண்டை உடைஞ்சு போச்சு. பேச்சி அடிக்கலைன்னா, அடிச்சதப் பாத்தேன்னு சொன்னவன் யாரு? முழிச்சா பெரிய துரை அவன் பேரைத்தாம்லே சொல்லுவாரு. அவன் அவர முழிக்க விடுவானா? ஒரு தலகாணி போதும்."

நாங்கள் உள்ளே, கொலைகாரன் வெளியே, அதுவும் கட்டில் பக்கத்தில் காவலாக. கம்பியைப் பிடித்து ஆட்டினேன். அது என்னைவிட உறுதியாக இருந்தது.

அப்போதுதான் ராவுத்தர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஜன்னலில் வாயை வைத்து, மலையே கேட்கிற மாதிரி கத்தினார்.

"வீரணா! ஓடிப் போய்ச் சின்ன துரைகிட்டச் சொல்லு! பேச்சிமுத்து ஒத்துக்கிட்டான்! தான்தான் அடிச்சேன்னு சொல்றான்! துரைசாணியம்மா முன்னாடிதான் வாக்குமூலம் குடுப்பானாம், ரெண்டு பேரையும் உடனே வரச் சொல்லு!"

வெளியே குவளை விழுந்த சத்தம் கேட்டது. "அய்யோ, எங்க ஆளு அப்படிச் செய்யுற ஆளில்லையே! ஏ ராவுத்தரு, உனக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று இருளம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சிமுத்து வெளுத்துப் போய் ராவுத்தரைப் பார்த்தான். நான் அவர் சட்டையையே பிடித்துவிட்டேன்.

"என்னய்யா பண்ணுறீரு? புத்தி கெட்டுப் போச்சா?"

"கையை எடுலே" என்றார் அமைதியாக. "வரட்டும்."

வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். சின்ன துரை நடையிலேயே சந்தோஷம் தெரிந்தது. கையில் சாவி, கக்கத்தில் குடை. பின்னால் துரைசாணி, முகம் வீங்கி, சால்வையைப் போர்த்திக்கொண்டு. பெரிய துரை பக்கத்தில் இப்போது வீரணன் இருக்கிறார் என்று துரைசாணி சொன்னதும் ராவுத்தர் ஒரு பெருமூச்சு விட்டார். மலையில் இருக்கிற துரைமாரெல்லாம் கூலியாட்களிடம் பேசித் தமிழ் பழகியவர்கள் என்பதால் பேச்சில் சிக்கல் இல்லை.

"சொல்லச் சொல்லு அவனை" என்றார் சின்ன துரை.

"சொல்லுவாங்க. ஆனா மலங்காட்டுப் பய, முன்னுக்குப் பின்னா உளறுறான்" என்று ராவுத்தர் குழைந்தார். அப்படிக் குழைந்து நான் பார்த்ததே இல்லை. "பாத்தது துரை ஒருத்தர்தான். நீங்க முதல்ல சொல்லிட்டா, அதுக்குத் தக்க இவனச் சொல்ல வச்சிரலாம். போலீஸு கேக்கும்போது ரெண்டும் ஒத்துப் போகணுமில்லங்களா? அடி விழுந்தப்ப பெரிய துரை என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாக?"

சின்ன துரைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஆட்டம் தொடங்க முந்தி உடம்பைச் சூடு பண்ணிட்டு இருந்தார். நான் வராண்டாவிலே நின்னு பாத்தேன்."

"அப்படின்னா எப்படிங்க? நமக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது பாருங்க."

"ரெண்டு மட்டையைச் சேத்துப் பிடிக்கிறது. இப்படி." குடையை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு மேலே கொண்டு போய் வீசிக் காட்டினார். "எந்த ஜென்டில்மேனும் ஆடறதுக்கு முந்தி இப்படித்தான் செய்வான். அவர் தினமும் செய்வார். நல்லா குனிஞ்சு, நிமிர்ந்து, நாலஞ்சு தடவை வீசினார். அப்ப இவன் பின்னாலே வந்தான்."

"இன்னைக்குக் காலையிலயும் மேட்டுலதான் வீசினாகளா?"

"மேட்டிலேதான். என் கண்ணாலே பாத்தேன்."

ராவுத்தர் அதற்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை. ஜன்னலை விட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார். அவர் நகர்ந்ததும் பின்னால் இருந்தது வெளியே தெரிந்தது. சுவரோரம் சாத்திவைத்த இரண்டு கர்லாக்கட்டைகள். அவற்றின் மேல் மடித்துப் போட்ட லங்கோடு.

துரைசாணி அதைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சின்ன துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். அவர் மறுபடியும் குடையைத் தூக்கிக் காட்டினார், இந்தத் தடவை கொஞ்சம் குறைவான வேகத்தில்.

"பொய்" என்றாள் துரைசாணி, தமிழிலேயே. எங்களுக்கும் காவல்காரர்களுக்கும் கேட்க வேண்டும் என்றுதான் தமிழில் சொன்னாள். "என் புருஷன் ரொம்ப மாசமா வெளியிலே அப்படி வீசினது இல்லை. இந்த ரூமிலே, கதவைச் சாத்திட்டு, அந்தக் கட்டையை வீசுவார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டு இருக்கார். சூடு பண்ணிட்டுதான் மேட்டுக்கே போவார். நீ வராண்டாவிலே நின்னு பார்க்கவே இல்லை. பக்கத்திலே போய் நீதான் அடிச்சிருக்கே."

சின்ன துரை பொய்யாவது சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரன் என்றால் இப்படித்தான் உடம்பைச் சூடு பண்ணுவான் என்று தன் இனத்தை நம்பி அளந்து விட்டார், பாவம். சாவியைக் கீழே போட்டுவிட்டு ஏலத்தோட்டத்துக்குள் பாய்ந்தார். காவல்காரர்கள் துரத்தப் போனார்கள். ராவுத்தர் உள்ளேயிருந்தே, "விடுங்கப்பா, எங்கன போயிருவான்? பாதையே மூடிக் கெடக்கு" என்றார்.

அப்படியே ஆனது. கொஞ்ச நேரத்தில் அவராகவே திரும்பி வந்தார். முழங்கால் வரைக்கும் அட்டைப்பூச்சி. யாரையும் பார்க்காமல் கிளப் படியில் உட்கார்ந்து, உப்புக் கொண்டு வரச் சொன்னார். அந்த நிலையிலும் அதிகாரம் குறையவில்லை.

துரைசாணியே சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் புருஷனிடம் ஓடினாள்.

"அம்மாவுக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படி ராவுத்தரே தெரியும்?" என்றேன்.

"லங்கோட்டு ஓரத்தப் பாத்தியா? கிழிஞ்ச எடத்த எம்புட்டு நுணுக்கமாத் தச்சு, நீலம் போட்டுத் துவைச்சிருக்கு. எந்தத் துரைலே ஊசி பிடிச்சான்? கட்டின புருசன் முதுகுல நல்லெண்ணெய் மணந்தா பொண்டாட்டிக்குத் தெரியாமப் போகுமா? புருசன் வெக்கப்படக் கூடாதுன்னு அந்த அம்மா வாயே தொறக்கல." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நானும் சொல்லல, பேச்சியும் சொல்லல. சொன்ன வாக்கு தப்பல. இல்லையா?"

உண்மையாகவே அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெற்றிலைச் சாறு சட்டையில் படும் என்று விட்டுவிட்டேன்.

வீரணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பெரிய துரை முழிச்சிட்டாக! சின்ன துரை பேரைத்தான் சொல்றாக!"

காவல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. இருளம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வாய்யா, வெளிய வா" என்றாள்.

பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. மூலையில் அப்படியே இருந்தான். லங்கோட்டை எடுத்து, யார் கண்ணிலும் படாத மாதிரி மடியில் வைத்து மூடிக்கொண்டான். அப்புறம் ராவுத்தரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அய்யா, ஒங்க காலுல விழுறேன். நான் சொல்லல, தொரசாணியம்மாதான் சொன்னாகன்னு பெரிய தொரைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா. பிள்ள பொறக்குற வரைக்குமாவது லயத்துல இருந்துக்கிறோம்."

இருளம்மாள் உள்ளே வந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்றேம்ப்பா" என்று சொல்லிவிட்டு ராவுத்தர் என் பக்கம் திரும்பினார்.

"கதவத் தொறந்துட்டோம்னுல நெனச்சேன் சுருளி."